அடுத்தவர் முறையையும் சேர்த்து இறைக்கும் தம்பிக்கு

கேள்வி வலிகாமத்தில் வசிக்கும் ஓர் இளைஞருடையது. வயது 32. பிரதேச செயலகமொன்றில் வேலை. மனைவி ஆசிரியை, இரண்டு வயதில் ஒரு மகள், முழங்கால் வருத்தத்தோடு தாயும் கூடவே இருக்கிறார். சபையில் அவர் ஞாயிறு பாடசாலைப் பொறுப்பாளர், வாலிபர் ஒன்றியச் செயலாளர், பாடகர் குழுவில் ஒருவர், செயற்குழு உறுப்பினர். ஆலயத்தின் சாவியும் அவரிடமே. இவற்றுக்கு மேல் வெளிநாட்டு உறவுகள் நடத்தும் இணையவழி ஜெபக்கூட்டங்கள் வாரத்துக்கு மூன்று. “காலை நாலரைக்கு எழும்பியும் நேரம் போதவில்லை. எதை விட்டாலும் கர்த்தருக்குத் துரோகம் செய்வது போலிருக்கிறது. ஊழியத்தில் நேரத்தை ஞானமாகப் பயன்படுத்துவது எப்படி?” என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உமது கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அதில் ‘நான்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணியும் பார்த்தேன். முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கைக்கு அந்தப் பழக்கம் போகாது. இருபத்தோரிடத்தில் வருகிறது. சபையிலுள்ள வேறொருவருடைய பொறுப்பைப் பற்றி ஓரிடத்திலும் இல்லை. உமக்கு நேரம் போதாத காரணம் அங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

என் தகப்பனார் காலத்தில் எங்கள் தோட்டக் கிணற்றுக்கு ஐந்து பங்காளர். இன்னாருக்கு இன்ன நாள் என்று இறைப்பு முறை உண்டு. முறைக்காரர் விடியமுன்னமே வருவார். துலா மிதிக்க ஆள் வேண்டும், பட்டை பிடிக்க ஆள் வேண்டும், வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற ஒருவர் வேண்டும். பங்காளரில் ஒருவர் மிக நல்ல மனிதர். அடுத்தவருக்குக் காய்ச்சல் என்றால், கலியாணவீடு என்றால், “நீர் இரும், நான் இறைத்துவிடுகிறேன்” என்பார். பிறகு காய்ச்சலும் கலியாணமும் இல்லாத நாட்களிலும் அவரே இறைத்தார். இரண்டு புகையிலைக் காலம் போனது. அவருடைய இடுப்பு விழுந்தது. மற்ற நால்வருடைய மகன்மாருக்கும் துலா மிதிக்கத் தெரியாமற்போனது. ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். என் தகப்பனார் மட்டும், “அவர் தண்ணீரைக் கொடுத்து முறையை எடுத்துக்கொண்டார்” என்று சொன்னார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

உம்மிடம் நான் கேட்பது இதுதான்: நீர் இறைக்கும் தண்ணீரில் எவ்வளவு உமது முறை?

முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். நேரத்தைப் பற்றி எந்தப் பிரசங்கியார் பேசினாலும் எபேசியர் 5:16 வந்துவிடும்: “நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்.” வழக்கமாக இதற்குக் கிடைக்கும் விளக்கம், ஒரு நிமிடத்தையும் சும்மா விடாதே என்பது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் இருப்பது அப்படியல்ல. காலத்துக்கு அங்கே இரண்டு சொற்கள் வழங்கின. மணிக்கூட்டில் ஓடுவது குரோனோஸ். ஒரு காரியத்துக்கு ஏற்ற வேளை கைரோஸ். பவுல் கைரோஸ் என்கிறார். ‘பிரயோஜனப்படுத்து’ என்று நமது வேதாகமத்தில் நிற்கும் வினையோ சந்தையிலிருந்து வந்தது. விலை கொடுத்து வாங்கி எடுத்துக்கொள்வது என்று பொருள். சுன்னாகம் சந்தைக்குப் போகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பச்சையாகக் கிடக்கும் கீரைப்பிடி பதினொரு மணிக்கு ஆட்டுக்குத்தான் ஆகும். வேளைக்குப் போய், காசு கொடுத்து, வேண்டியதை எடுத்து வருகிறவரே கெட்டிக்காரர். சந்தை முழுவதையும் வண்டியில் ஏற்றி வருகிறவரை என்னவென்று சொல்வது?

இன்னொரு செய்தியும் உண்டு. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே சொற்றொடர் தானியேல் 2:8 இல் வருகிறது. கனவையும் சொல்லி அர்த்தத்தையும் சொல்லுங்கள் என்று நேபுகாத்நேச்சார் நெருக்கும்போது சாஸ்திரிகள் இழுத்தடிக்கிறார்கள். “நீங்கள் காலதாமதம்பண்ணப் பார்க்கிறீர்கள்” என்று ராஜா கோபிக்கிறான். காலத்தை வாங்குவது என்றால் செய்யவேண்டியதைச் செய்யாமல் நாளைக் கடத்துவதும் ஆகலாம்! செயற்குழுக் கூட்டங்களில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சபைகளில் இந்த இரண்டாவது பொருளே அதிகம் நடைமுறையில் இருக்கிறது.

கொலோசெயர் 4:5 இல் பவுல் அதே சொற்களைத் திரும்ப எழுதுகிறார். அங்கே முன்னால் ஒரு சொல் கூட நிற்கிறது: “புறம்பேயிருக்கிறவர்களுக்கு முன்பாக ஞானமாய் நடந்து.” புறம்பே இருக்கிறவர்கள் யார்? யாழ்ப்பாணத்தில் அது உமது ஒழுங்கையின் மற்றப் பன்னிரண்டு வீடுகள். நீர் எழுதிய வாரக் கணக்கில் ஆலயத்துக்குள் 24 மணித்தியாலம் இருக்கிறது. ஒழுங்கைக்கு ஒன்றுமில்லை. இதற்குத் திரும்பி வருவேன்.

மோசேயின் கதையை நீர் ஞாயிறு பாடசாலையில் படிப்பித்திருப்பீர், ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். யாத்திராகமம் 18. காலைமுதல் சாயங்காலம்வரை அவன் ஒருவனே உட்கார்ந்து வழக்குக் கேட்கிறான். அதைப் பார்த்த மாமனார் எத்திரோ, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்கிறார். மருமகன் தொய்ந்துபோவான் என்பதோடு அவர் நிற்கவில்லை; “நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்” என்கிறார். வரிசையில் நின்றவர்களும் களைத்துப்போகிறார்கள். ஒரே ஆள் எல்லாம் செய்தால் மற்றவர்களுக்குச் சுகம் என்று நாம் நினைக்கிறோம். எத்திரோ அப்படி நினைக்கவில்லை. என் தகப்பனாரும் நினைக்கவில்லை.

நேரத்தை ஞானமாகச் செலவழித்த ஒருவரை யாழ்ப்பாணத்து மண்ணிலேயே காட்டு என்றால், நான் மானிப்பாய்க்குத்தான் கூட்டிப்போவேன். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ 25. வாசலில் நோயாளர் கூட்டம். வாந்திபேதி, அம்மை, ஆறாத புண்கள். காலையில் கதவைத் திறந்தால் இரவு மூடும்வரை மருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். அப்படியே செத்திருந்தால் தியாகி என்று கல்வெட்டும் வைத்திருப்போம். மனிதர் மருந்து கொடுத்தார்தான். ஆனால் வந்த மறுவருடமே சில உள்ளூர்ப் பிள்ளைகளை உட்கார வைத்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார்.

நோயாளர் வாசலில் நிற்க, உள்ளே ஒருவர் இளைஞருக்கு எலும்புகளின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பதை யோசித்துப் பாரும். வெளியே நிற்கிறவன் என்ன நினைப்பான்? ‘இவருக்கு இரக்கமில்லை’ என்று நினைத்திருப்பான். ஒரு மணித்தியாலம் படிப்பித்தால் அன்றைக்கு இருபது பேருக்கு மருந்து பிந்தும். அந்தப் பழியை ஏற்றுக்கொள்ளும் துணிவு அவரிடம் இருந்தது. பிறகு அதைவிட நீண்ட வழியொன்றையும் எடுத்தார். ஆங்கிலத்தில் படிப்பித்தால் பிள்ளைகள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவார்கள், ஊருக்கு வைத்தியர் மிஞ்சமாட்டார் என்று கண்டு, படிப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்குத் தமிழில் புத்தகம் வேண்டுமே! கலைச்சொல் வேண்டுமே! உட்கார்ந்து செய்தார், செய்வித்தார். உடற்கூறு, இரணவைத்தியம், மருந்தியல், பிள்ளைப்பேறு என்று அவரும் அவருடைய மாணவர்களும் தமிழில் ஆக்கி அச்சிட்டவை ஏறத்தாழ 4,000 பக்கம். 1857 இல் ஊர் திரும்பி, 1862 இல் மணமுடித்து மறுபடி வந்து, 1873 இல் உடல்நலம் கெட்டு அமெரிக்காவுக்கே திரும்பும்போது அவர் பயிற்றுவித்த வைத்தியர் அறுபதுக்கு மேல். ஒரு தனி ஆளின் இருபத்தொரு வருட உழைப்பு அறுபது பேருடைய ஆயுட்கால உழைப்பாக ஊர் ஊராகப் பரந்தது. அவர் ‘நேரத்தை மிச்சம் பிடித்தார்’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பார்ப்பவர் கண்ணுக்கு வீணாகத் தெரிந்த நேரத்தை வேண்டுமென்றே செலவழித்தார்.

உமது ஞாயிறு பாடசாலைக்கு இதைப் பொருத்திப் பாரும். நாற்பது பிள்ளைகளுக்கு நீரே கதை சொல்கிறீர், நன்றாகவும் சொல்கிறீர் என்று கேள்விப்பட்டேன். உயர்தரம் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சபையில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் இருவரைச் சனிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு, ஒரு கதையை எப்படிச் சொல்வது என்று காட்டினால் உமக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் போகும். முதல் மூன்று மாதம் அவர்கள் சொதப்புவார்கள். தாவீது எறிந்த கல்லைச் சிம்சோன் கையில் கொடுப்பார்கள். நீர் பின்வாங்கில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கவேண்டும். எழும்பித் திருத்தினீரோ, கெட்டது.

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். எங்கள் சபைக்கு நூற்றாண்டு வந்தபோது விழா மலர்க் குழுவுக்கு நான் செயலாளர். இரண்டு வருடம் அந்த மலருக்கு ஓடினேன். ஆசிச்செய்தி வாங்க எத்தனை படி ஏறினேன் என்று கணக்கில்லை. ஒருவருடைய படத்தை இன்னொருவருடைய படத்துக்கு மேலே போட்டுவிட்டோம் என்று வந்த சண்டையைத் தீர்க்க மட்டும் ஒரு மாதம் போனது. 500 பிரதி அச்சிட்டோம். விழாவன்று 180 போனது. மிச்சம் ஆலயத்துப் பின்னறையில் கிடந்து, மாரி ஈரத்தில் ஊறி, கறையான் தின்று போனது. அது போகட்டும். அந்த இரண்டு வருடத்துக்கு முன்வரை, சபைக்கு இரண்டு மைல் தள்ளி ஒரு குடியிருப்பில் புதன்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் பாடமும் நடத்திவந்தேன். சைக்கிளில் போய்வர இரண்டு மணித்தியாலம். மலர் வேலையால் ‘கொஞ்ச நாளைக்கு’ அதை நிறுத்தினேன். வேறொருவரையும் பழக்கியிருக்கவில்லை. மலர் வெளிவந்த பிறகு போனேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், சிலர் இடம் மாறிப்போனார்கள், கூட்டம் நடந்த திண்ணையில் ஒருவர் சீமெந்து மூட்டை அடுக்கியிருந்தார். அந்தக் குடியிருப்பில் பிறகு ஒன்றும் தொடங்கவில்லை. அன்று எனக்கு நேரம் இல்லாமல் இருக்கவில்லை. நாலு பேர் பார்க்கும் வேலையும் எவரும் பாராத வேலையும் மோதியபோது, பார்க்கிற வேலையை எடுத்தேன். மேடையில் எனக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள்.

அன்று தொடக்கம் ஒரு வேலையை ஏற்கமுன் ஒரு கேள்வி கேட்டுப் பழகினேன்: இந்த மணித்தியாலத்தின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறாரா, ஒரு கடதாசி இருக்கிறதா? கடதாசியும் வேண்டும்தான். கணக்கறிக்கை எழுதாத சபை சண்டையில் முடியும். ஆனால் கடதாசிக்கு எல்லை வைக்கலாம், ஆளுக்கு வைக்கமுடியாது.

எல்லை வைக்கவேண்டிய இடங்களில் முதலாவது, நமது கூட்டங்கள். ஒரு சிறிய பரிசளிப்புக்குக் கூட வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை என்று ஏழு உரை இல்லாமல் யாழ்ப்பாணத்தில் ஒரு நிகழ்ச்சி நிரல் அச்சாகாது. பரிசு வாங்க வந்த பிள்ளை தாயின் மடியில் நித்திரையாகிவிடும். நீர் ஒன்றியச் செயலாளராக இருக்கும்வரை உரைகளை இரண்டாக்கும். கோபிப்பார்கள். ஒரு வருடம் கோபிப்பார்கள், பிறகு மற்றச் சபைகளும் அப்படியே செய்யும்.

இணையவழிக் கூட்டங்களைப் பற்றி மனம் நோகாமல் எழுதப் பார்க்கிறேன். பிரிந்து கிடக்கும் சனத்துக்கு அது பெரிய ஆறுதல். என் தங்கையும் கனடாவில்தான். ஆனால் அவர்கள் வசதிக்கு வைக்கும் நேரம் நமக்கு எந்த நேரம் என்று எவராவது யோசிக்கிறார்களா? கோடை நாளில் லண்டனில் வெள்ளி இரவு 8 மணி என்றால் இங்கே சனி அதிகாலை 12.30. டொரொன்டோவில் சனி மாலை 7 என்றால் இங்கே ஞாயிறு காலை 4.30. நீர் நாலரைக்கு எழும்புவதன் இரகசியம் இதுதானே? வெள்ளி நடுச்சாமத்தில் லண்டனுக்கும் ஞாயிறு விடியலில் கனடாவுக்கும் விழித்திருந்துவிட்டு, ஒன்பது மணி ஆராதனையில் கண் செருகுகிறீர். ஊரிலிருந்து ஒரு முகம் திரையில் தெரிந்தால் அவர்களுக்குச் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறீர். உண்மைதான். மாதத்தில் ஒரு கூட்டத்துக்கு முகம் காட்டும். மற்ற நாட்களில் உறங்கும். உறக்கத்தைச் சோம்பலென்று வேதம் சொல்லும் இடங்கள் உண்டு. சூரைச்செடியின்கீழ் சாவை வேண்டிக் கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் உபதேசமா செய்தான்? உறங்கவிட்டான், தட்டி எழுப்பி அடையைக் கொடுத்தான், மறுபடியும் உறங்கவிட்டான். 1 இராஜாக்கள் 19 இல் இருக்கிறது.

இங்கே ஒரு கசப்பான விஷயம். அலுவலக நேரத்தில் ஒன்றியக் கடிதங்களைக் கணினியில் அடித்து, அலுவலகத் தாளிலேயே அச்செடுப்பதாக நீர் சாதாரணமாக எழுதியிருக்கிறீர், நேரத்தை மிச்சப்படுத்தும் யுக்தி என்று. தம்பி, அது களவு. வீட்டுத்திட்டக் கடிதத்துக்காக உமது மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிற கிழவியின் நேரத்தை எடுத்துச் சபைக்குக் கொடுக்கிறீர். அவருக்கு அந்தக் கடிதத்தை இன்றைக்கே முடித்துக் கொடுத்து, அவர் மறுபடியும் பஸ் ஏறி வராமல் செய்வதும் ஊழியம். “எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்” என்ற வார்த்தை சம்பளமுமில்லாமல் உழைத்த அடிமைகளுக்கு எழுதப்பட்டது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் உமக்கு அது பொருந்தாமல் போகாது.

வீட்டைப் பற்றி நீர் ஒரு வரிதான் எழுதினீர்: “மனைவி முறைப்பாடு சொல்வதில்லை.” எனக்கு அந்த வரிதான் பயத்தைத் தருகிறது. முறைப்பாடு சொல்லிச் சொல்லிக் களைத்தபிறகு வரும் அமைதி ஒன்று இருக்கிறது. பகலெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு வந்து, பிள்ளையையும் மாமியின் முழங்காலையும் பார்க்கிற பெண், கணவன் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறான் என்பதால் வாய் திறக்கமுடியாமல் இருக்கிறாள்; கடவுளோடு போட்டி போட முடியுமா? தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதை ‘கொர்பான், தேவனுக்கென்று நேர்ந்துவிட்டேன்’ என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7 இல் சும்மா விடவில்லை. ஞாயிறு பாடசாலைக்கு இன்னொரு பொறுப்பாளர் கிடைப்பார். உமது மகளுக்கு இன்னொரு தகப்பன் கிடைப்பாரா? உமது முறை எது என்று தெரியாமல் தடுமாறும்போது, வேறொருவரால் ஏற்கமுடியாதது எது என்று பாரும்.

ஒழுங்கைக்குத் திரும்பி வருவதாகச் சொன்னேன். நம் ஊர்களில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே ஒரு வயோதிபர் என்ற நிலை எத்தனை வீட்டில்! இப்படியொரு வீட்டுக்குப் போனால் பதினைந்து நிமிடத்தில் திரும்ப முடியாது. தேநீர் வரும். பேரப்பிள்ளையின் படம் வரும். பழைய ஆல்பம் வரும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எந்த வழியால் நடந்தது, எந்த இடத்தில் மழை பிடித்தது என்று போன தரம் கேட்ட அதே கதை வரும். ஒன்றரை மணித்தியாலம். இதை வேகமாகச் செய்ய வழி கிடையாது. வேகமாகச் செய்தால் செய்யாததற்குச் சமம். சந்திப்பு முடிந்து அறிக்கையில் எழுத ஒன்றும் இராது. ஆனால் கைரோஸ் என்று பவுல் சொன்னது இத்தகைய பின்னேரங்களில்தான் வந்து நிற்கும். நானாகப் போய் ஒரு தரமும் வேதம் பேசாத ஒரு சைவப் பெரியவர், ஐந்தாறு வருடப் பழக்கத்தின் பின் ஒருநாள், “மாஸ்டர், எனக்காக உங்கள் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லும்” என்றார். அதற்கு முன்வந்த அறுபது எழுபது தேநீர் இல்லாமல் அந்த வார்த்தை வந்திராது.

அதுபோல, அயலில் ஒரு செத்தவீடு என்றால் போம். தகரப் பந்தல் போட உதவும், கதிரை இறக்கும், அந்தியேட்டிக்கு அழைத்தால் அங்கும் போய் இரும். அன்று மாலை பாடகர் குழு ஒத்திகை இருந்தால், அது இல்லாமல் போகட்டும். யவீருவின் மகள் சாகக் கிடக்கையில், வழியில் வஸ்திரத்தைத் தொட்ட ஒரு பெண்ணுக்காக இயேசு நின்றாரே! யவீரு எப்படித் துடித்திருப்பான் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஓடிக்கொண்டிருக்கிறவருக்கு இடையூறெல்லாம் எரிச்சல். இயேசுவுக்கோ அது வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அவர் நின்றுவிடவுமில்லை. “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்று பேதுரு ஓடிவந்து சொன்ன காலையில், தேடியவர்களை விட்டு அடுத்த ஊர்களுக்குப் போனார். இருட்டோடு எழும்பி வனாந்தரத்தில் ஜெபித்துவிட்டு வந்த ஒருவருக்கு அன்றைக்குத் தன் முறை எது என்பது தெரிந்திருந்தது. உமது அதிகாலை ஜெபத்தை நான் குறைக்கச் சொல்லவில்லை. கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் செய்யும் என்கிறேன்.

வேலையாக எண்ணியது வீணாகப் போவதும், வீணென்று நினைத்தது எங்கோ முளைப்பதும் நம் கையில் இல்லை. பீற்றர் பேர்சிவல் என்ற வெஸ்லியன் போதகர் ஆறுமுக நாவலரை உதவிக்கு வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்கில் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். 1850 இல் அச்சாகியது. தமிழ்ச் சபைகளில் அது நிலைக்கவில்லை. நாவலரோ 1848 இலேயே விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். பேர்சிவலிடம் பழகிய வசனநடையும் பாடசாலை ஒழுங்கும் எங்களைவிடச் சைவத்துக்கே நன்றாக உதவின என்று என் சைவ நண்பர்கள் இன்றும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். தமிழ் வசனம் வளர்ந்ததில் யாருக்கு நட்டம்?

ஓய்வைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறுபடியும் கிணறுதான், பொறுத்துக்கொள்ளும். நமது குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் இராத்திரிக்குள் ஊறிவிடும். இயந்திரம் பூட்டி விடியவிடிய இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். உவர் ஏறிய கிணறும் பார்வைக்கு நிறைந்துதான் இருக்கும். வாயில் வைத்தால் தெரியும், வெங்காயப் பாத்தி கருகினால் தெரியும். பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், பாட்டுப் பயிற்சியில் ஒருவருடைய குரலைக் கேட்டாலே கோபம் வருகிறது என்று நீர் எழுதியது அந்த உவர். அதற்குக் கூடுதல் ஜெபக்கூட்டம் மருந்தல்ல. ஞாயிறு உமக்கு ஓய்வுநாள் அல்ல என்பது தெளிவு. அன்றுதான் உமக்கு வேலை அதிகம். ஆகவே சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, கதை சொல்லப் பழக வரும் அந்த இரு பிள்ளைகளைத் தவிர, ஒன்றும் வைக்காதேயும். மாதத்தில் ஒரு அரைநாள் தனியே எங்காவது போய் இரும். மருதனார்மடத்தில் 1939 இல் தொடங்கிய கிறிஸ்து சேவா ஆச்சிரமத்து மரநிழல் எனக்கு அப்படி உதவியது. உமக்குக் கடற்கரை பிடிக்கும் என்றால் அங்கே போம்.

எதை முதலில் விடுவது என்று கேட்டீர். செயற்குழுவை இந்த வருடத்தோடு விடும். ஒன்றியச் செயலாளர் பதவியை வருகிற பொதுக்கூட்டத்தில் விடும். “வேறு ஆள் இல்லை” என்று எல்லாரும் சொல்வார்கள், ஐந்து நிமிடம் மௌனமாக இரும், ஒரு கை எழும்பும். ஞாயிறு பாடசாலையை வைத்திரும், ஆனால் நான் சொன்னபடி. பாடகர் குழு உமக்குச் சந்தோஷம் தருகிறது என்றால் அதையும் வைத்திரும். சந்தோஷம் தருகிற ஒன்று இருக்கத்தான் வேண்டும். குருவானவரிடம் இவற்றை நேரே போய்ச் சொல்லும். தொலைபேசியில் சொன்னால் அவர் சம்மதிக்க வைத்துவிடுவார்.

சாவியை மட்டும் அதுவரைக்கும் வைத்திருக்கவேண்டாம். இந்த வெள்ளியே, ஆலயத்துக்குப் பக்கத்து வளவில் இருக்கும், சைக்கிளோடு ஒழுங்கையில் நிற்பதாக நீர் குறைசொன்ன அந்தப் பொடியனிடம் கொடும். முதல் ஞாயிறு அவன் நித்திரையாகப் போய்விடுவான். சனம் வேப்பமரத்தின்கீழ் இருபது நிமிடம் நிற்கும். உமக்கு ஏழெட்டு அழைப்பு வரும். எடுக்காதேயும். மகளுக்குத் தலை இழுத்துவிட்டு, தாயைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவர்களைப் போல ஆராதனை மணிக்குப் போம். அந்தப் பூட்டு இறுக்கம் என்று எழுதியிருந்தீர். கொடுக்கமுன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இடப்பக்கம் சற்றுத் தூக்கித் திருப்பவேண்டும் என்று அவனுக்கு ஒருதரம் காட்டிவிடும்.